பின்னறைக்குக் காற்று வைத்தவர்

அவரிடம் எதைக் கேட்டாலும் தலை முதலில் இடப்பக்கம் சாயும். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, கைக்கு அகப்படும் செங்கல்லிலோ பலகையிலோ ஒரு சிறு கோடு போடுவார். பிறகு, "அதுக்கென்னங்க, செஞ்சிருவோம்" என்பார். அந்தக் கோடு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். அதற்கும் ஒரு கோடு போட்டுவிட்டுச் சிரித்தார்.

எங்கள் பக்கத்தில் கொத்தனாரை மேசன் பாஸ் என்பார்கள். மற்ற பாஸ்மார் எதற்காவது முடியாது என்று சொல்லிவிடுவார்கள். மழை என்பார்கள், மணல் சரியில்லை என்பார்கள், மச்சினன் வீட்டில் விசேஷம் என்பார்கள். இவர் சொன்னதில்லை. குண்டசாலையில் என் வீடு எழும்பிய காலம் முழுவதும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருமுறைகூட அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. அதனால் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது. என் மனைவிக்குப் பிடித்திருந்தது. தலைச்சன் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு எங்களிடம் வந்திருந்த மகளுக்கும் பிடித்திருந்தது. அவளுடைய பிள்ளை இறந்தது அவர் கட்டிய அறையில்தான். அப்படியிருந்தும் அவரை என்னால் முழுதாக வெறுக்க முடியவில்லை.

குள்ளமான மனிதர். வேலைத்தலத்திலும் வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரை பூட்டியிருக்கும். சீமெந்து தின்ற விரல்கள். மனைவி தேத்தண்ணி கொண்டுபோனால் எழுந்து நின்றுதான் வாங்குவார். சீனி போதுமா என்று கேட்டால் போதும் என்பார். போடாமல் கொடுத்த அன்றும் போதும் என்றுதான் சொன்னார்.

ஒரே காலையில் இரண்டு இடத்துக்கு வருவதாக வாக்குக் கொடுப்பார். இரண்டு இடத்துக்கும் வரவும் செய்வார். எங்கள் காணியில் விடியற்காலையில் சாந்துக்கரண்டியும் ரசமட்டமும் உள்ள பையைக் கொண்டுவந்து வைப்பார். அங்கிருந்து கீழே தபாலதிபர் வீட்டு மதில் வேலைக்குப் போய்ச் சோற்றுப் பாத்திரத்தை வைப்பார். நான் பையைப் பார்த்து, ஆள் இங்கேதான் இருக்கிறார் என்று இருப்பேன். தபாலதிபர் பாத்திரத்தைப் பார்த்து அப்படியே இருப்பார். அந்தச் சிங்கள மனிதர் ஒருநாள் மூச்சு வாங்க எங்கள் மேட்டுக்கு ஏறிவந்தார்.

"கோ, பாஸுன்னே?" பாஸ் எங்கே என்று என்னைக் கேட்டார்.

"உங்கள் வீட்டில் இல்லையா?" என்று நான் கேட்டேன்.

இருவரும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாஸ் அந்த நேரம் மூன்றாவது வீடொன்றில் கக்கூஸுக்குப் பீங்கான் பதித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக் கிழவி அழுது கூப்பிட்டாளாம். தபாலதிபர் கத்தத்தான் வந்தார். ஆனால் பாஸ் வந்து கைகட்டி நின்று, "ஹரி மஹத்தயா, ஹரி", சரி ஐயா சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டியதும், பாவம், கத்துவதற்கு ஒன்றுமில்லாமல் இறங்கிப் போனார்.

கடுகண்ணாவையில் அவர் கட்டிய கடையைப் பற்றிய கதை ஊர் முழுக்கத் தெரியும். அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார்கள். பின்கட்டுக்கு வாசல் தெருப்பக்கம் என்றார் அண்ணன். தம்பி தனியாகக் கூப்பிட்டு, சந்துப்பக்கம் என்றார். கட்டி முடித்ததும் அண்ணன் வந்து பார்த்தார்.

"பாஸ், நான் ஒரு கதவுதானே சொன்னேன்?"

"ஆமாங்க முதலாளி. உங்களுக்கு ஒண்ணுதான்."

"அப்ப அது?"

"அது தம்பி முதலாளிக்குங்க."

நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரு கதவு கூடிப்போனால் யாருக்கும் சேதமில்லை.

ஏன் இப்படி என்று நான் கேட்டதுண்டு. நான் அப்போது நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். எதற்கும் காரணம் கேட்கிறவன். ஒரு மதியம் பாஸ் ரொட்டியையும் சம்பலையும் சுருட்டிக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கரய்யா, நாங்க பன்விலப் பக்கம் தேயிலத் தோட்டம். எங்கப்பா வாழ்க்கையில ஒரே ஒரு தடவ கங்காணிகிட்ட முடியாதுன்னாரு. காய்ச்சல்ல கெடந்தாரு, மலைக்கு ஏற முடியாதுன்னாரு. பேர வெட்டிட்டாங்க."

"ஒரு நாள் கூலியையா?"

"அன்னைக்கு ஒரு நாள். அப்புறம் மொத்தமா. குடியிருந்த லயத்துக் காம்பராவக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அம்மா எங்கள இழுத்துக்கிட்டு எறங்குனிச்சு. மூணாவது வளைவுலயே அப்பாவுக்கு நடக்க முடியல. அவர் செத்தது ரோட்டோரத்துல." ரொட்டியை விழுங்கினார். "அந்த ஒரு சொல்ல முழுங்கியிருந்தா கெழவர் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாருங்க."

நான் சுவரில் செங்கல் வரிசைகளை எண்ணினேன். பதினொன்று எழும்பியிருந்தது.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைச்சரிவை வெட்டித் தட்டாக்கிக் கட்டிய வீடு. முன்பக்கத்து அறைகளுக்கு ஆறு ஜன்னல்கள். பின்னறைக்கு ஒன்றுமில்லை. அதன் பின்சுவர் மண்ணைத் தாங்கி நிற்கும் கருங்கற்சுவர். ஒருபக்கம் சாமான் அறை, மறுபக்கம் குளியலறை, முன்னால் நடை. வாசல் ஒன்றுதான். அந்த அறைக்குக் காற்று வேண்டுமானால் அது மேலே போய்த்தான் வெளியேற வேண்டும். வீட்டுக்கு வரைபடம் கீறியவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்து, பாஸிடம் சொன்னேன். பக்கச் சுவருக்குள் ஆறங்குல பி.வி.சி. குழாய், அறைக்குள் கூரைத் தட்டுக்கு ஒரு முழம் கீழே அதன் வாய், வாய்க்குக் கம்பிவலை, மேலே கொங்கிரீட் தட்டைத் தாண்டி மூன்றடி உயரம், உச்சியில் மழை இறங்காமல் தகரத் தொப்பி. கதவிடுக்கால் உள்ளே வருகிற காற்று சூடேறிக் குழாயால் வெளியே போய்விடும்.

இதையெல்லாம் சுவர் எழும்பும்போதே செய்துவிட வேண்டும். கம்பி கட்டிக் கொங்கிரீட் ஊற்றிய பிறகு துளை வேண்டுமென்றால் உடைக்க வேண்டும். உடைத்தால் கம்பி அறும், தட்டு ஒழுகும். இப்போது எங்கள் தெருவில் எழும்பும் வீடுகளைப் பார்க்கிறேன். பளிங்குத் தரை இருக்கிறது, கண்ணாடிக் கதவு இருக்கிறது, குளியலறைக்கு மூச்சுவிட ஒரு துளை இல்லை. சொன்னால் ஏ.சி. பூட்டப் போகிறோம் அங்கிள் என்கிறார்கள்.

பாஸ் குழாயை அழகாக வைத்தார். தட்டு ஊற்றுவதற்கு முதல் நாள் கம்பிகளுக்கிடையில் அதை நிறுத்தி, சீமெந்து உள்ளே விழாமல் வாயைச் சாக்கால் கட்டி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தொட்டில் கட்ட ஒரு கொளுக்கியும் வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். அதற்கும் ஒரு கோடு. தட்டு இறுகியதும் அந்தக் கொளுக்கியில் தானே தொங்கிக் காட்டினார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பாஸ் மாமா, எறங்குங்க! நீங்க விழுந்தா பேறு வீடு சாவு வீடாயிரும்."

"தொட்டில் அறுந்தாலும் கொளுக்கி அறாது பாப்பா" என்றார் தொங்கியபடியே.

அந்த அறையைப் பேற்றுக்கு என்று முடிவு செய்தது என் மனைவி. தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிள்ளை பெற்றவளைக் காற்றுப் படாத அறையில் படுக்க வைக்க வேண்டும். மூன்று பக்கமும் மூடிய பின்னறையைவிட நல்ல அறை எது? அவளுடைய தங்கை பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் நடுங்கி நடுங்கிச் செத்தவள். லயத்து ஓட்டைக் கதவால் வாடை புகுந்து சன்னி கண்டுவிட்டது என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நான் கிருமி என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவள் அந்தத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள். என் பேச்சு எடுபடவில்லை.

குழாயைக் கண்டதும் சண்டை தொடங்கியது.

"ஏங்க, புள்ளத்தாச்சி தலைக்கு நேரா வானத்துக்கு ஓட்ட போட்டு வச்சிருக்கீங்களே, இது அடுக்குமா?"

"காற்று கீழே இறங்காது. மேலேதான் போகும்."

"காத்துக்கு நீங்க சொல்லி வச்சிருக்கீங்களாக்கும்."

"அது இல்லாவிட்டால் மூச்சு முட்டும்."

"லயத்துல ஒரு காம்பராவுல ஒம்பது பேரு படுத்தோம். யாருக்கு முட்டுச்சு?"

ஓட்டைக் கதவு இருந்ததனால்தான் முட்டவில்லை என்று சொன்னேன். அந்தக் கதவைப் பற்றி நான் பேசியிருக்கக் கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு திடீரென்று சாதாரணமாகிவிட்டாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பாஸிடம் ஒருமுறை கேட்டேன்: "அந்தக் குழாய் சரியாக இருக்கிறதா?"

"அதுக்கென்னங்கய்யா, அருமையா இருக்கு."

அறைக்குள் போய்ப் பார்த்தேன். கம்பிவலை இருந்தது. முற்றத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். தொப்பி இருந்தது.

ஐப்பசி மழையில் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. மருமகன் கட்டாரில், லீவு கிடைக்கவில்லை. மகளுக்குத் தலைக்கு ஊற்றிய அன்று காலையிலிருந்து விடாத மழை, மூடுபனி முற்றம்வரை வந்து நின்றது. முழுகிவிட்டு வந்தவளுடைய கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் உலர்த்தி, ஒரு மண்சட்டி நிறையக் கரித்தணல் போட்டு அறையில் வைத்தாள் என் மனைவி. எங்களில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். தணல் கனன்று சிவந்திருந்தது, புகை இல்லை. புகை இல்லாத நெருப்பில் என்ன கெடுதல் என்று அவள் நினைத்தாள். குழாய் இருக்கிறதே என்று நான் நினைத்தேன். பிள்ளைக்குக் குளிரக் கூடாதென்று கதவைச் சாத்தினோம்.

பிற்பகல் மூன்றரை மணிக்குக் கொத்தமல்லித் தண்ணி கொண்டு போன மனைவி என்னைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் அவளுடையதுபோல இல்லை. மகள் வாய் திறந்தபடி கிடந்தாள். மூச்சு இழைந்தது. என் மனைவி பிள்ளையைத் தூக்கினாள். அவள் தூக்கிய விதத்திலேயே, அது கனத்த விதத்திலேயே, எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் மகளுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெடியன், சாந்தமாகப் பேசினான்.

"கரி எரிஞ்சா மணமில்லாத ஒரு நஞ்சுக் காத்து வரும் ஐயா. அறையில யன்னல் இருந்ததோ?"

"ஜன்னல் இல்லை. ஆனால் குழாய் இருக்கிறது. ஆறங்குலம். கூரைக்கு மேலே போகிறது."

"குழாய் திறந்திருந்தா இவ்வளவுக்கு வந்திராதே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டான்.

நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். என் மனைவி வெந்நீர்ப் போத்தலை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ஏங்க," என்றாள். "அது அடச்சிருக்கு."

நான் அலுவலகத்துக்குப் போயிருந்த ஒரு நாள் அவள் பாஸிடம் சொல்லியிருக்கிறாள். "அதுக்கென்னங்கம்மா, அடச்சிருவோம்" என்று சொல்லியிருக்கிறார். ஐயா சத்தம் போடுவாரே என்று அவள் தயங்கியபோது, "ஐயா மனசும் நோகாமச் செஞ்சிரலாம்மா" என்றிருக்கிறார். தகரத் தொப்பியைக் கழற்றி, சீமெந்துச் சாக்கைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, அதன்மேல் சாந்து ஊற்றி, தொப்பியை மறுபடி வைத்துவிட்டார். கீழே வலை என்னுடையது. மேலே தொப்பி என்னுடையது. நடுவில் இருந்த அடைப்பு அவளுடையது. அவள் சொல்லி முடித்ததும், நான் அவளை என்ன கேட்டாலும் அதைக் கேட்டுக்கொண்டு வாழ அவளால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

விசாரணை அதிகாரி கரிச்சட்டியைத்தான் குறை சொன்னார். சுவரைப் பற்றி அவர் கேட்கவில்லை. மகள் பிழைத்தாள். கை நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. ஒரு கோப்பையைத் தூக்கினால் அதன் தட்டு கிலுகிலுக்கும். வீட்டுக்கு வந்த பிறகு அவள் பின்னறைப் பக்கம் போகவில்லை. கூடத்துக் கதிரையிலேயே இருந்தாள். டொக்டர் சொன்னதை அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். அவள் என்னைக் கேட்டாள், குழாய் ஏன் வேலை செய்யவில்லை என்று. அடைபட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். யார் அடைத்தது என்று கேட்டாள். பாஸைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அம்மா சொல்லித்தான் என்று தெரிந்தால் அந்த வீட்டில் அவர்கள் இருவரும் மறுபடி ஒருவர் கையால் ஒருவர் சாப்பிட மாட்டார்கள் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாக இருந்தது. பல வருஷம் கழித்து, படுக்கையில் கிடந்த என் மனைவி தானே மகளிடம் அதைச் சொன்னாள். அதுவரைக்கும் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

நான் கூப்பிடவில்லை. பாஸ் தானாக வந்தார். அதே வெள்ளைச் சட்டை, கழுத்துவரை பூட்டியிருந்தது. பென்சில் மட்டும் இல்லை. உள்ளே வரச் சொல்லியும் வாசல்படிக்கு இந்தப் பக்கம் கால் வைக்காமல் நின்றார். மகள் அவரைப் பார்த்தாள். என் மனைவி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாஸ் மாமா, அந்தக் குழாய அடச்சது நீங்களா?"

"ஆமா பாப்பா."

"யாரு அடைக்கச் சொன்னா?"

அவர் தலை சாய்ந்தது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். யார் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வாழ்நாளெல்லாம் பழகியவர். அந்தக் கூடத்தில் அன்று நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் வேண்டியது மூன்று விதமாக இருந்தது. எத்தனையோ பேருக்கு ஒரே வேளையில் சரி சொன்னவர் அன்றுதான் முதல்முறையாகச் சிரமப்பட்டதை நான் பார்த்தேன். நெற்றியில் வேர்த்திருந்தது.

"யாரும் சொல்லல பாப்பா. நானாத்தான் அடச்சேன். மழத்தண்ணி எறங்குமேன்னு."

"அப்பாகிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

"தோணல."

"உங்க பேரப்புள்ளைக்குன்னா இப்பிடி அடச்சிருப்பீங்களா?"

அவர் கை காதில் பென்சிலைத் தேடியது. மகள் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் நடுக்கத்தில் கதிரையும் ஆடியது.

"போங்க. இந்த வாசல்ல இனி நிக்காதீங்க. ரோட்டுல என்னக் கண்டாலும் மறுபக்கம் போயிருங்க."

"சரி பாப்பா" என்றார்.

அவர் படியிறங்கினார். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, அவர் கட்டியவை. முதல் படியில் உட்கார்ந்து செருப்பின் வாரை மாட்டத் தொடங்கினார். மழை தூறியது.

மகள் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அந்த ஆளு உண்மையத்தான் சொல்றாரா?"

என் மனைவி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கடையில் மிச்சக்காசு கூட வந்தால் மலையேறிக் கொண்டுபோய்க் கொடுத்தவள். கதவைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். பாஸ் வாரை மாட்டுவதை நிறுத்திவிட்டார்; அவருடைய முதுகு எனக்குத் தெரிந்தது, வெள்ளைச் சட்டையில் மழைப் பொட்டுகள் விழுந்துகொண்டிருந்தன.

"ஆமா" என்றாள் என் மனைவி.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாரை மாட்டாத செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாகப் படிகளில் இறங்கிப் போனார்.